செட்டிநாட்டில் மின்சாரக் காரை லீசுக்கு எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் மின்சாரக் கார் பற்றிப் பேச்சு வந்தால், "வாங்குவானேன், லீசுக்கு எடுத்தால் என்ன?" என்று ஒருவராவது கேட்டுவிடுகிறார். அந்தக் கேள்வியை ஒட்டி வருகிற மற்றக் கேள்விகளும் பதில்களும் கீழே. கணக்குகளில் வரும் தொகைகள் பெரும்பாலும் உத்தேசமாக எடுத்துக்கொண்டவை. உங்கள் கைக்கு வந்த விலைப்பட்டியலின் எண்களைப் போட்டுத் திரும்பக் கணக்குப் பாருங்கள்.

லீஸ் என்றால் வீட்டை லீசுக்கு எடுப்பது மாதிரியா? கொடுத்த பணம் திரும்ப வருமா?

வராது. வீட்டு லீசில் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, காலி செய்யும்போது அப்படியே திரும்ப வாங்கிக்கொள்கிறோம். கார் லீசில் மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும். இரண்டு, மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் காரை ஒப்படைக்க வேண்டும். திரும்ப வருவது முன்பணம் மட்டும்தான், அதுவும் பிடித்தம் போக.

அந்த வாடகையில் என்னென்ன அடங்கும்?

ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். சாதாரணமாகப் பதிவுச் செலவு, இன்சூரன்ஸ், வழக்கமான சர்வீஸ், வழியில் நின்றுவிட்டால் வரும் உதவி ஆகியவை உள்ளே இருக்கும். டயர் சில ஒப்பந்தங்களில் உண்டு, பலவற்றில் இல்லை. மின்சாரம், சுங்கம், போலீஸ் அபராதம் எல்லாம் உங்கள் தலையில். வாடகைக்கு மேல் ஜிஎஸ்டியும் உண்டு. மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதன் வாடகைக்கும் அதே விகிதம்தான். விலைப்பட்டியலைக் கையில் வாங்கியதும் "ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று முதலில் கேளுங்கள். சேர்க்காத தொகையைப் பெரிய எழுத்தில் போடுவது வழக்கம்.

சரி, கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வாங்குவதா, லீசா?

ஐந்தொகை போட்டுப் பழகிய ஊருக்கு இது ஒன்றும் பெரிய கணக்கில்லை. ஆன்-ரோடு விலை 15 லட்சம் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். லீசுக்கு எடுத்தால் 36 மாதம், மாதம் 1,500 கி.மீ. வரை, இன்சூரன்ஸ், சர்வீஸ், ஜிஎஸ்டி எல்லாம் உட்பட 33,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டில் 11.88 லட்சம் போகும்.

அதே காரைக் கைப்பணம் போட்டு வாங்கி, மூன்று ஆண்டு கழித்து விற்பதாகப் பாருங்கள். பாதி விலைக்குப் போனால் தேய்மானம் 7.5 லட்சம். அந்த 15 லட்சத்தை வங்கியில் போட்டிருந்தால் 7 சதவீதத்தில் வந்திருக்கும் வட்டி 3.15 லட்சம். இரண்டாம், மூன்றாம் ஆண்டு இன்சூரன்ஸ் 80,000. சர்வீஸ் 25,000. ஆக மொத்தம் 11.70 லட்சம். ஏறக்குறைய சமம்!

வட்டியைக் கணக்கில் சேர்க்காமல் "வாங்கினால் எட்டரை லட்சம்தானே ஆகிறது" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். வட்டியை மறக்கிற பழக்கம் செட்டிநாட்டில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

இந்தக் கணக்கில் எல்லாம் ஒரே ஒரு எண்ணில்தான் நிற்கிறது: மூன்று ஆண்டு கழித்து அந்தக் கார் என்ன விலைக்குப் போகும்? 60 சதவீதம் கிடைத்தால் வாங்கியவருக்குச் செலவு 10.2 லட்சம், அவருக்கு லாபம். 40 சதவீதம்தான் கிடைக்கும் என்றால் 13.2 லட்சம், லீசுக்கு எடுத்தவருக்கு லாபம். மின்சாரக் கார்களில் புது மாடல் வரும்போதெல்லாம் கூடுதல் தூரம் ஓடும் பேட்டரி வருகிறது, விலையும் இறங்குகிறது. அதனால் பழையதன் மதிப்பு பெட்ரோல் காரைவிட வேகமாகச் சரிகிறது. லீசில் நீங்கள் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு, அந்தச் சரிவை நிறுவனத்தின் தலையில் கட்டுவதற்கான கூலி.

ஆனால் நம் பக்கத்து வழக்கம் மூன்று ஆண்டில் காரை மாற்றுவதில்லை. வாங்கினால் எட்டு, பத்து ஆண்டு ஓடும், அப்புறம் தம்பி வீட்டுக்குப் போகும். எட்டு ஆண்டு வைத்திருந்து கடைசியில் 2 லட்சத்துக்கு விற்றால், வட்டி, இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்தும் மாதச் செலவு ஏறக்குறைய 26,500-தான் வருகிறது. லீசில் அதே எட்டு ஆண்டும் மாதம் 33,000 கட்டிக்கொண்டிருப்பீர்கள். வித்தியாசம் 6 லட்சத்துக்கு மேல்.

அப்படியானால் லீஸ் யாருக்குத்தான் சரிப்படும்?

என் கணிப்பில் இங்கே மூன்று வகையினருக்கு. மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை காரை எப்படியும் மாற்றுகிறவர். வாடகையைத் தொழில் செலவாகக் காட்ட முடிகிறவர். மின்சாரக் கார் நமக்கு ஒத்துவருமா என்ற சந்தேகம் தீராதவர், அதாவது மூன்று ஆண்டு ஓட்டிப் பார்க்க ஆகும் கூடுதல் செலவைக் கல்விக் கட்டணமாக நினைப்பவர். வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கும் மாதத்துக்கு ஒரு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்கும் போகிற ஓய்வுபெற்ற தம்பதிக்கு நான் லீசைச் சொல்லமாட்டேன். மாதம் 1,500 கி.மீ.க்கு வாடகை கட்டி 500 ஓட்டினால், மீதி ஆயிரத்துக்கு யாரும் காசைத் திருப்பித் தருவதில்லை.

பெட்ரோலை விட்டு வந்தால் மாதம் எவ்வளவு மிஞ்சும்?

ஓட்டும் தூரம்தான் பதில். நடுத்தர அளவுக் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. ஓடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இது சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்த கணக்கு. 1,000 கி.மீ.க்கு 155 யூனிட். வீட்டு மின்சாரத்தில் அது 1,200 முதல் 1,550 ரூபாய். அதே தூரத்துக்கு லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் கார் 67 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் போட்டால் 6,700-ஐத் தாண்டும். மிச்சம் ஐயாயிரத்துச் சொச்சம்.

600 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவருக்கு மிச்சம் மூவாயிரத்தைச் சுற்றி நிற்கும். 2,000 ஓட்டுகிறவருக்குப் பத்தாயிரம். சார்ஜிங் நிலையத்திலேயே எப்போதும் போட்டால் இந்த மிச்சத்தில் கணிசமான பங்கு கரைந்துவிடும். வேக சார்ஜரில் யூனிட் 20 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது அரிது.

வீட்டில் சார்ஜ் போட்டால் கரண்ட் பில் எகிறாதா?

எகிறும், ஆனால் எவ்வளவு என்பது நீங்கள் ஏற்கெனவே எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுகள் விலை ஏறுவதோடு, கீழ்ப்படிகளுக்கு இருந்த சலுகையும் குறைந்துவிடும். 2024 ஜூலைக் கட்டணத்தில் 501 முதல் 600 வரை யூனிட் 8.55 ரூபாய், 601 முதல் 800 வரை 9.65.

மாதம் ஆயிரம் கி.மீ. ஓட்டினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 300 யூனிட் கூடும். ஏற்கெனவே 300 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு அந்தக் கூடுதல், யூனிட்டுக்கு ஏழரை ரூபாய் அளவில் விழும். ஏசி ஓடும் வீட்டில் ஏற்கெனவே 500 என்றால் பத்து ரூபாயைத் தொடும். ஷோரூமில் "கி.மீ.க்கு ஒரு ரூபாய்தான் சார்" என்பார்கள். அது முழுப் பொய்யில்லை, ஆனால் இன்னொரு ஐம்பது காசு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பங்காளிகளுக்குப் பொது. மீட்டர் காலஞ்சென்ற ஐயா பெயரில் இருக்கிறது. சார்ஜர் வைக்கலாமா?

செட்டிநாட்டில் மின்சாரக் காரின் உண்மையான சிக்கல் இதுதான். பேட்டரியைவிட இதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டுமென்றால் பல வீடுகளில் மின்வாரியத்தில் லோடு கூட்டச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கு இணைப்பு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பெயர் மாற்ற வாரிசுச் சான்றும் மற்றப் பங்காளிகளின் சம்மதமும் கேட்பார்கள். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் டெக்சாசில், ஒருவர் உங்களோடு பேசுவதே இல்லை என்றால், லீஸ் காலம் முடிந்து காரைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வந்து சேரும்.

அதனால் நான் சொல்வது, 7.2-ஐ மறந்துவிடுங்கள். காரோடு வரும் கையடக்க சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் மணிக்கு 3 யூனிட் அளவில் ஏறும். இரவு ஒன்பதுக்குப் போட்டுக் காலை ஆறுக்கு எடுத்தால் 150 கி.மீ.க்கு மேல் ஓடும் அளவு ஏறியிருக்கும். உள்ளூரில் தினம் அவ்வளவு ஓட்டுகிறவர் யார்? கிரைண்டர், மோட்டார், ஏசி எல்லாம் ஓய்ந்த நேரத்தில் போட்டால் பெரும்பாலான வீடுகளில் இருக்கிற லோடே தாங்கும். எதற்கும் ஒப்புதல் பெற்ற லோடு எத்தனை கிலோவாட் என்று மின் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பழைய பிளக்கில் மாட்டாதீர்கள். மரச் சட்டத்தில் ஓடும் அந்தக் காலத்து வயரிங், ஒன்பது மணி நேரம் விடாமல் 13, 14 ஆம்பியரைச் சுமப்பதற்குப் போட்டதில்லை. மீட்டரிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், தனி எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் விழும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்), நல்ல தொழிற்சாலை சாக்கெட் என்று புதிதாக இழுக்கச் சொல்லுங்கள். மீட்டரும் முகப்பில், காரும் முன்வாசலில் என்றால் வயர் சில அடிதான். நம் வீடுகளில் பல முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறப்பவை. கார் பின்தெருக் கொட்டகையில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி வயர் போக வேண்டும். தூரம் கூடக் கூட வோல்டேஜ் இறங்கும், வயரும் தடிமனாக வேண்டும், செலவு பல மடங்காகும். காரை முன்வாசலுக்கு மாற்றுவதே மலிவு.

இன்னொன்று. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சாந்துப் பூச்சில் யாரையும் ட்ரில் போட விடாதீர்கள். ஓட்டை போட்ட இடத்தைச் சுற்றிப் பெயர்ந்து வரும், அதைப் பூசத் தெரிந்த ஆளைத் தேட வேண்டியிருக்கும். தரையில் ஒரு இரும்புக் கால் நட்டு அதில் சாக்கெட்டை மாட்டினால் போதும். லீஸ் முடிந்தாலும் இந்த வயரும் சாக்கெட்டும் உங்களிடமே இருக்கும் என்பதால், இந்தச் செலவை லீசின் மூன்று ஆண்டுக்குள் அடக்கிக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

சார்ஜரை மாட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது, ஏறவில்லை. காரில் கோளாறா?

பெரும்பாலும் எர்த் கோளாறு. எர்த் சரியில்லை என்றால் மின்சாரக் கார் சார்ஜர் வேலை செய்யாது, அதுதான் பாதுகாப்பு. நம் பூமி செம்புறாங்கல் பூமி. மழைக்காலத்தில் ஈரம் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும், சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்ததும் தொல்லை ஆரம்பிக்கும். உப்பும் கரியும் போட்டுப் புதிதாகக் குழி எடுத்து, கோடையில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். எலக்ட்ரீஷியனிடம் ஒன்றை அளந்து காட்டச் சொல்லுங்கள்: ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230-ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முடிச்சுப் போட்டு விளக்கைப் பச்சையாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், காசு கொடுத்து உடனே அனுப்பிவிடுங்கள். நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பிலேயே கரண்ட் பாயும்.

மாடியில் சோலார் போட்டுவிட்டால் சார்ஜ் இலவசம்தானே?

3 கிலோவாட் சோலார் மாதம் 350 யூனிட் அளவில் தரும், 2,000 கி.மீ.க்குப் போதும். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. தளம் போட்ட புது வீட்டுக்குத் தாராளமாகச் செய்யலாம். நாட்டு ஓடு வேய்ந்த கூரை என்றால் பேனல் மாட்டுவதும் கஷ்டம், அப்புறம் ஓடு மாற்றுவதும் கஷ்டம். கூரை பொது என்றால் மேலே சொன்ன கையெழுத்துக் கதைதான். இதற்கும் லீசுக்கும் சம்பந்தமில்லை, தனியாக முடிவு செய்யுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்துகிறார்களே?

முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். முந்தின இரவே ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கார் சார்ஜரை மட்டும் மாட்டிவிடாதீர்கள்.

ஒரு சார்ஜில் எங்கெல்லாம் போய்வரலாம்?

45 கிலோவாட்-அவர் (அதாவது 45 யூனிட்) பேட்டரி உள்ள கார் நெடுஞ்சாலையில் ஏசியோடு 260 முதல் 290 கி.மீ. ஓடும். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் சுமார் 90 கி.மீ., இரண்டுமே போய்வர ஒரு சார்ஜ் போதும். விமானத்தில் வருபவரை அழைத்துவரப் போகும்போது விமானம் தாமதமானாலும் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கலாம். பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இரணியூர், இளையாற்றங்குடி என்று ஒன்பது நகரக் கோயிலையும் ஒரே நாளில் சுற்றி வந்தாலும் மிச்சமிருக்கும். ராமேசுவரம் போய்த் திரும்புவது 280 கி.மீ.யைத் தொடும், வழியில் ஒரு தடவை போட வேண்டியிருக்கும். 24 கிலோவாட்-அவர் அளவுள்ள சின்னக் கார் என்றால் இந்தக் கணக்கு எல்லாம் பாதியாகும். மதுரை போய்வரவே ஒரு சார்ஜ் போதாது.

சென்னைக்கு?

410 கி.மீ. சொச்சம். திருச்சியைத் தாண்டியதும் தேசிய நெடுஞ்சாலையில் வேக சார்ஜர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருமுறை நன்றாகப் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை கொஞ்சம் போட்டால் போய்ச் சேரலாம். ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் ஆகும், சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொண்டால் தெரியாது. பொங்கல், தீபாவளிக்கு முந்தின இரவு மட்டும் போகாதீர்கள். உங்களுக்கு முன்னால் நான்கு கார் நிற்கும். சார்ஜர் வேலை செய்கிறதா என்பதை ஆப்பில் கடைசியாக யார், எப்போது போட்டார்கள் என்பதை வைத்து ஊகிக்கலாம். வரைபடத்தில் புள்ளி இருப்பதை மட்டும் நம்பக் கூடாது.

நம் ஊர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடாதா?

வெயில் பேட்டரிக்கு நல்லதில்லை, உண்மைதான். ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் 8 ஆண்டு, 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகின்றன. லீஸ் காலம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும், அதாவது பேட்டரிப் பயம் ஒன்றுக்காக லீஸ் எடுப்பதில் அர்த்தமில்லை. நிழலில் நிறுத்துங்கள். நெடுந்தூரம் ஓடி வந்த சூட்டோடு வேக சார்ஜர் போடுவதைக் குறையுங்கள். அன்றாடத்துக்கு 80 சதவீதம் போதும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் கையேட்டில் சொன்னபடி அவ்வப்போது முழுசாக ஏற்றுங்கள்.

பேட்டரி நமக்கு அந்நியமான விஷயமும் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மின்வேதியியலோடு பேட்டரி ஆராய்ச்சியும் நடந்துவருகிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் பாதி ஊர் பெட்ரோல் போடப் போகிறது.

பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கும் திட்டம் எப்படி?

2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் வந்தபோது பேட்டரியோடு 13.50 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், அப்புறம் கி.மீ.க்கு 3.50 ரூபாய் என்று விலை சொன்னார்கள். கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் 3.50-க்கு மேல் மின்சாரச் செலவு ஒன்றரை ரூபாய் சேர்ந்தால் கி.மீ.க்கு 5 ரூபாய். பெட்ரோல் காரோ ஆறே முக்கால். எரிபொருளில் மிஞ்சும் காசை விலைக் குறைப்பாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். 3.51 லட்சம் வித்தியாசத்தை 3.50-ஆல் வகுத்தால் ஒரு லட்சம் கி.மீ. வட்டியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அதற்கு மேல் ஓட்டப் போகிறவருக்குப் பேட்டரியோடு வாங்குவதே மேல். இந்த வகைத் திட்டங்களில் மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ.க்குக் கட்டியே ஆக வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக ஓட்டுகிறவரை அதுதான் பதம் பார்க்கும்.

பிள்ளைகள் வெளிநாட்டில். வீடு வருஷத்தில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கும். கல்யாணம், படைப்புக்கு வரும்போது ஓட்ட லீசுக்கு எடுத்து வைக்கலாமா?

வேண்டாம். பத்து மாதம் நிற்கும் காருக்கு வாடகை கட்டுவதைவிட, வருகிற வாரங்களுக்கு டிரைவரோடு கார் எடுத்தால் செலவு எங்கோ கீழே நிற்கும். நிற்கிற மின்சாரக் காருக்கு வேறு சங்கடமும் உண்டு. பெரிய பேட்டரியில் பாதி சார்ஜ் இருந்தாலும், கதவையும் கணினியையும் இயக்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரி இறங்கிப்போனால் கார் உயிர்கொள்ளாது. ஆச்சி, அப்பச்சி ஊரில் இருந்து அன்றாடம் ஓட்டுவதாக இருந்தால் கதை வேறு.

மகன் சென்னையில் கம்பெனி மூலம் லீசுக்கு எடுக்கிறான். காரை இங்கே வைத்துக்கொள்ளலாமா?

சம்பளத்தில் வரிக்கு முன்பே வாடகை பிடிப்பதால் அவருக்கு லாபம்தான், பல நேரம் நாம் நேரில் எடுப்பதைவிட மலிவு. ஆனால் கார் எங்கே நிற்கும், யார் ஓட்டலாம் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். சிலவற்றில் குடும்பத்தாரில் யார் யார் என்று எழுதிக்கொடுக்கச் சொல்வார்கள். வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதும் முக்கியம். மீதி வாடகையைக் கட்டு, இல்லையேல் காரை வாங்கிக்கொள் என்று நிற்பார்கள்.

டாக்டர், கடைக்காரர், தொழிலதிபருக்கு வரியில் என்ன சலுகை?

லீஸ் வாடகையைத் தொழில் செலவாகக் காட்டலாம், சொந்த உபயோகப் பங்கு போக. வாங்கினால் மின்சாரக் காருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் எழுதலாம், சாதாரணக் காருக்கு 15 சதவீதம்தான். ஆக முதல் சில ஆண்டுகளில் நல்ல லாபம் வருகிறவருக்கு வாங்குவதும் கசக்காது. வாடகையில் கட்டும் ஜிஎஸ்டியைப் பெரும்பாலானோர் திரும்ப எடுக்க முடியாது. கடன் வட்டிக்கு 1.5 லட்சம் கழிவு தந்த 80இஇபி பிரிவு, 2023 மார்ச் 31-க்குள் ஒப்புதலான கடன்களுக்கு மட்டும். இன்னும் அதைச் சொல்லி விற்கிறவர்கள் உண்டு.

சாலை வரியையும் பாருங்கள். 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள பெட்ரோல் காருக்குத் தமிழ்நாட்டில் 18 சதவீதம். 2023 மின்வாகனக் கொள்கை 2025 டிசம்பர் 31 வரை மின்சார வாகனங்களுக்கு முழு விலக்கு தந்தது. நீங்கள் பதிவு செய்யும் நாளில் விலக்கு உண்டா என்பதைப் போக்குவரத்து அலுவலகத்திலேயே கேளுங்கள். 14 லட்சம் காரில் அது இரண்டரை லட்ச ரூபாய் விஷயம்.

பாரம்பரிய வீட்டை விடுதியாக நடத்துகிறோம். விருந்தினரை ஏற்றிவர லீஸ் கார் வைக்கலாமா?

கட்டணம் வாங்கி ஏற்றினால் வாடகை வண்டியாகப் பதிவு செய்ததாக இருக்க வேண்டும், பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. பச்சையில் வெள்ளை எழுத்து சொந்த உபயோகத்துக்கு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். மின்சார வாடகை வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018-இல் அறிவித்தது. மாதம் 2,000 கி.மீ. ஓடுகிற, திருச்சி, மதுரை விமான நிலைய வேலை உள்ள விடுதிக்கு லீஸ் நன்றாகவே பொருந்தும். கி.மீ. வரம்பை மட்டும் தாராளமாகப் பேசி வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் எந்த இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும்?

முதலில், பாதியில் விட்டால் என்ன தண்டம். மீதி வாடகையில் பாதிவரை கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு. அடுத்தது, வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு கி.மீ.க்கும் எவ்வளவு, அதை மாதக் கணக்கில் பார்ப்பார்களா, மொத்தக் காலத்துக்கா. மொத்தக் காலம் என்றால்தான் நல்லது. ஆர்.சி.யில் யார் பெயர் என்பதையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 51-ஆம் பிரிவின்படி லீஸ் விவரம் ஆர்.சி.யில் பதிவாகும்.

கடைசியாக ஒப்படைக்கும்போது பிடிக்கும் காசு. "நியாயமான தேய்மானம்" என்று எழுதியிருப்பார்கள், எது நியாயம் என்று எழுதியிருக்கமாட்டார்கள். படம் போட்ட பட்டியல் கேளுங்கள். கல்யாணக் கூட்டத்தில், தெரு முக்கில், வாசல் படியில் உரசிக்கொள்ளாத கார் நம் பக்கம் கிடையாது.

டயருக்கென்று தனியாக ஒரு வாக்கியம் எழுத வைக்கலாம். கிராமத்துப் பாதையில் சீமைக்கருவேல முள் ஏறுவது வாடிக்கை. சில மின்சாரக் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது, காற்றடிக்கும் பெட்டியும் ஒட்டும் திரவமும் மட்டும்தான். பக்கச் சுவரில் முள் குத்தினால் அந்தத் திரவம் உதவாது. ஸ்டெப்னி உள்ள மாடலாகப் பார்ப்பது உத்தமம்.

ரிப்பேர் வந்தால் இங்கேயே பார்ப்பார்களா?

பிரேக், சஸ்பென்ஷன் மாதிரி வேலைகள் இங்கேயே முடியும். உயர் அழுத்த பேட்டரி, மோட்டார் என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக நேரலாம். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பட்டறைக்கே போன் செய்து, மின்சாரக் கார் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். இழுத்துப் போகும் உதவி எத்தனை கி.மீ. வரை இலவசம் என்பதையும் பாருங்கள். 90 கி.மீ. தூரம், அதுவும் பிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும், கயிறு கட்டி இழுக்கக் கூடாது. கார் பட்டறையில் நிற்கும் நாட்களில் மாற்றுக் கார் தருவார்களா என்று கேட்டால், பெரும்பாலும் "பெரிய நகரங்களில் மட்டும்" என்று பதில் வரும். அப்படியென்றால் வாடகையில் குறைக்கச் சொல்லிக் கேட்க அது நல்ல பிடி.

மூன்று ஆண்டு முடிந்ததும் அதே காரை நாமே வாங்கிக்கொள்ளலாமா?

சில நிறுவனங்கள் தரும், சில தராது. தருவதாக இருந்தால் அந்த விலையை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். "அன்றைய சந்தை விலை" என்று மட்டும் இருந்தால், அன்றைக்கு வெளியே இதே மாதிரிப் பழைய கார் இரண்டு மூன்றுக்கு விலை விசாரித்துவிட்டுப் பேசுங்கள். வாங்கும் முன் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பேட்டரி உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கும் அப்படியே தொடருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சில திட்டங்களில் ஆயுள்கால உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டும் என்று இருக்கும், லீசில் முதல் உரிமையாளர் நீங்களா நிறுவனமா என்பது ஆர்.சி.யில் இருக்கும் பெயரைப் பொறுத்தது.